லாரியின் மேல் ஐந்து நிமிடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இவ்விழாவில் மேடைக்குக் கீழே நாற்காலி போடுகிறவர்களில் நாமும் ஒருவர். மேடைக்கு மேலே ஏற்றப்படுவது இதுவே முதல் முறை. படிப்போ பத்தாம் வகுப்போடு நின்றது. தொழிலோ டிக்கெட் கொடுப்பதும், வண்டி எப்போது வரும் என்று கேட்பவர்க்குப் பதில் சொல்வதும். “இத்தனை ஆண்டு விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து பேசியவருக்கு மைக் புதிதா?” என்று செயலாளர் கேலி செய்து நம்மை மாட்டிவிட்டார். பிழையிருந்தால் பாதிப் பழி அவரைச் சேரட்டும்.

“நம் உள்ளத்தைத் தொட்ட ஒரு சொற்பொழிவு” என்பது நமக்குத் தந்த தலைப்பு. தமிழர் காதுகள் மேடைப் பேச்சிலே வளர்ந்தவை. அறிஞர் அண்ணாவின் பேச்சைக் கேட்பதற்காகப் பக்கத்து ஊருக்கு எட்டு மைல் நடந்தே போய், விடியற்காலையில் நடந்தே திரும்பியதை நம் தந்தையார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே இந்தத் தலைப்பிற்கு ஒரு தமிழ்ப் பேச்சாளரையே நாம் எடுத்துக்கொள்வோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டதோ அமெரிக்க நாட்டில் ஒரு தேர்தல் வேட்பாளர் லாரி ஒன்றின் மேல் நின்று பேசிய, ஐந்து நிமிடங்கூட நிறையாத பேச்சு. அவர் பெயர் ராபர்ட் கென்னடி. நாள் 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4. நாம் அப்போது பிறக்கவும் இல்லை.

வேட்பாளர் பேச்சு நம் மனத்தை உருக்கியது என்று சொன்னால் நம் காலனியில் யார் நம்புவார்கள்? இந்த இடார்சியில் நாம் பார்க்காத வேட்பாளரா? வடக்கு தெற்கு வண்டிகளும் கிழக்கு மேற்கு வண்டிகளும் குறுக்கிடும் இந்தச் சந்திப்பில் தேர்தல் வந்துவிட்டால் ஜீப்புகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தமிழர் வீடுகள் உள்ள வரிசையில் மட்டும் இறங்கி, யாரோ சொல்லிக்கொடுத்த “வணக்கம்” என்ற ஒரு சொல்லை உதிர்த்து, நாம் திரும்ப வணங்குவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். குற்றம் சொல்லவில்லை, ஒரே நாளில் அத்தனை வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டிய மனிதர் வேறென்ன செய்வார்? ஆனால் நமக்கு அவர்கள் பேச்சில் நம்பிக்கை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பேச்சு நம்மிடம் வந்த வழி வேறு. நம் பெண் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பெரியோர் பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். அவள் கைப்பேசியில் இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நாம் அப்போது இரவுப் பணி முடிந்து வந்து, சாப்பிடவும் மனமின்றிக் கட்டிலில் சாய்ந்திருந்தோம். நமக்கு அலுவலக ஆங்கிலம் தெரியும். அதற்கு மேல் தெரியாது. சொற்கள் புரியவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே ஓர் ஒலி கேட்டது. அவர் ஏதோ சொல்கிறார்; சொன்ன மாத்திரத்தில் எதிரே இருந்த கூட்டம் ‘ஐயோ’ என்று அலறுகிறது. இழவு வீட்டு வாசலில் கேட்கும் ஒலி அது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? எழுந்து உட்கார்ந்து, “இது என்ன கூட்டம், என்ன சொன்னார்?” என்று கேட்டோம். பெண் சொன்னாள். பிறகு ஒரு வாரம் அவளை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு ஒரு கட்சியின் வேட்பாளராவதற்கே பல மாநிலங்களில் முதனிலைத் தேர்தலில் நிற்பதுண்டு. 1968-ல் ராபர்ட் கென்னடிக்கு வயது 42. நியூயார்க் மாநிலத்தின் செனட்டர். ஜனாதிபதியாயிருந்து 1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டாரே ஜான் கென்னடி, அவருடைய தம்பி. மார்ச் 16-ஆம் தேதி தாம் போட்டியிடுவதாக அறிவித்தார். முதலில் களமிறங்கியது இண்டியானா மாநிலத்தில். ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேசினார். பிறகு மன்சி என்ற ஊரில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் பேசினார். அங்கே ஒரு கறுப்பின மாணவர் எழுந்து, “வெள்ளையர் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்துப் பேசுகிறீர்களே, அந்த நம்பிக்கை தகுமா?” என்று கேட்டார். தகும் என்றே கென்னடி பதில் சொன்னார். சொல்லிவிட்டு விமானம் ஏற வந்த இடத்தில் ஒரு செய்தி கிடைத்தது: மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு வெள்ளையர் சுட்டுவிட்டார் என்று. விமானம் இண்டியானாபோலிஸில் இறங்கியபோது கிங் இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது.

கிங் யார் என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைக்காகக் காந்தியடிகளின் வழியில் போராடியவர். 1959-ல் நம் நாட்டிற்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். தென்கோடித் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், அதன் தலைமையாசிரியர் இவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றது என்றும், யோசித்தபோது அதுதான் உண்மை என்று பட்டது என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மெம்பிஸுக்கு அவர் போனது அந்நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நிற்பதற்காக. மாலை ஆறு மணி சுமாருக்கு விடுதி மாடித் தாழ்வாரத்தில் நின்றபோது குண்டு பாய்ந்தது. ஒரு மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 39.

இப்போது இண்டியானாபோலிஸில் நிலைமையைப் பாருங்கள். கென்னடியின் அன்றைய கடைசிக் கூட்டம் அந்நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதி ஒன்றில், ஒரு விளையாட்டுத் திடலில் ஏற்பாடாகியிருந்தது. குளிர், தூறல். மக்கள் ஒரு மணி நேரத்திற்கு மேலாக நின்று காத்திருக்கிறார்கள். கைகளில் கென்னடியின் பெயர் எழுதிய தட்டிகள். ஓரத்தில் நின்ற சிலருக்குச் செய்தி எட்டிவிட்டது. நடுவில் இருந்த பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் கைப்பேசி ஏது? அங்கே போக வேண்டா என்று நகரத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். கலவரம் மூண்டால் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க இயலாது என்று போலீசார் எச்சரித்தார்கள். மனைவியை விடுதிக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் போனார்.

பக்கத்தடுப்பு இல்லாத லாரிதான் மேடை. அதில் ஏறியவர் தம் பக்கத்தில் நின்றவரிடம், “இவர்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். உதவியாளர்கள் எழுதித் தர முன்வந்த குறிப்பை அவர் நம்பவில்லை. முதலில் தட்டிகளைத் தாழ்த்திப் பிடிக்கும்படி கேட்டுக்கொண்டார். தம் பெயர் எழுதிய தட்டிகளை இறக்கச் சொன்ன வேட்பாளரை நாம் கேள்விப்பட்டதில்லை. அடுத்து, எல்லோருக்கும் மிகத் துயரமான செய்தி ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த மூச்சில் செய்தியைச் சொன்னார். நாம் கேட்ட அலறல் அப்போது எழுந்ததுதான்.

அலறல் அடங்கும்வரை நின்றார். பின்னர்க் கிங் அன்புக்காகவும் நீதிக்காகவும் வாழ்ந்ததையும், அந்த முயற்சியிலேயே மாண்டதையும் சொன்னார். உங்களில் கறுப்பின மக்களாக இருப்பவர்களுக்கு இப்போது வெறுப்பும் பழிவாங்கும் எண்ணமும் எழலாம், சுட்டவர் வெள்ளையர் என்று தெரிகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னார்: என் குடும்பத்திலும் ஒருவரைக் கொன்றார்கள், அவரைக் கொன்றவனும் வெள்ளையன்தான் என்று.

அண்ணன் இறந்து நாலரை ஆண்டுகள் ஆகியும் அந்தக் கொலையைப் பற்றி அவர் பொதுக்கூட்டத்தில் இப்படி வாய் திறந்ததில்லையாம். அந்தப் புண்ணை மறைத்தே வந்தவர். வேறோர் இனத்துக் கூட்டத்தின் முன்னே, வேறோர் ஆளின் சாவுக்காக, அதை எடுத்துக் காட்டினார். பிறகு ஈஸ்கிலஸ் என்னும் பண்டைக் கிரேக்கக் கவிஞரின் வரிகள் சிலவற்றை, துயரத்திலிருந்து அறிவு பிறப்பதைப் பற்றியவை, நினைவிலிருந்தே சொன்னார். ஏழைகள் நிறைந்த திடலில் கிரேக்கக் கவிதையா என்று நாமும் முதலில் நினைத்தோம். ஆனால் அண்ணன் இறந்த பின் துக்கம் தாங்காமல் அவர் படித்த நூல்களில் அகப்பட்ட வரிகள் அவை. தாம் அழுதபோது தமக்கு உதவியதை அவர்களுக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். சொல்லும்போது ஒரு சொல் மூலத்திலிருந்து மாறிவிட்டது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்துப் படித்திருந்தால் மாறியிருக்காது.

இறுதியில் வீட்டிற்குப் போய் கிங்கின் குடும்பத்திற்காகவும் நாட்டிற்காகவும் வேண்டிக்கொள்ளும்படி கேட்டார். இறங்கினார். வாக்கு என்ற சொல்லே பேச்சில் இல்லை.

அன்றிரவும் அடுத்த நாட்களிலும் அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது, பலர் மாண்டனர். இண்டியானாபோலிஸ் அமைதியாக இருந்தது. அதற்கு இந்த ஐந்து நிமிடப் பேச்சே முழுக் காரணம் என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். அவ்வூரில் கறுப்பின மக்களின் தலைவர்கள் இருந்தார்கள், பாதிரிமார் இருந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வீட்டிற்கு அழைத்துப்போன பெயர் தெரியாத மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கூட்டம் கலைந்து வீட்டிற்குப் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தக் கென்னடி உத்தமர் என்று நாம் சொல்ல வரவில்லை. அண்ணன் ஆட்சியில் சட்டத்துறைத் தலைவராக இருந்தபோது, 1963-ல், இதே கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி அளித்துக் கையொப்பமிட்டவர் இவரே. ஜனாதிபதித் தேர்தலிலும் வேறொருவர் துணிந்து இறங்கி வழி தெரிந்த பிறகுதான் இவர் இறங்கினார் என்ற பேச்சு உண்டு. நம் பெண்ணுக்கு இதைக் கேட்டு முகம் சுண்டிவிட்டது. வேறு பேச்சை எடுத்துக்கொள்ளலாமா என்றாள். வேண்டா என்றோம். குறையில்லாதவர் ஒருவர் அன்று லாரியில் ஏறியிருந்தால் நம்மை அது இவ்வளவு தொட்டிருக்காது என்றே நினைக்கிறோம்.

ஏன் தொட்டது என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னோம். அதைச் சொல்வதற்கு முன் சற்றுத் தண்ணீர் குடித்துக்கொள்கிறோம்.

ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு சந்திப்பில் விசாரணை அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டா; இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். தை மாதக் குளிர். இரவு ஒன்றரை மணிக்குக் கண்ட்ரோலிலிருந்து போன் வந்தது. தெற்கேயிருந்து வந்துகொண்டிருக்கும் இன்ன வண்டியில், இன்ன பெட்டியில், இன்ன படுக்கையில் பயணம் செய்த ஆண் ஒருவர் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். உடலை வழியில் ஒரு நிலையத்தில் இறக்கி ரயில்வே போலீசாரிடம் ஒப்படைத்தாயிற்று. உறவினர் யாரேனும் வந்து விசாரித்தால் தெரிவிக்கவும். இவ்வளவுதான் செய்தி. புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிக்கொண்டோம்.

இரண்டரை மணிக்கு ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வந்தார். கம்பளித் தொப்பி, வேட்டிமேல் நீளக் கோட்டு, ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் பிளாஸ்க். நம் பெயர்ப் பட்டையைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “தமிழா தம்பி? நல்லதாப் போச்சு. வண்டி எங்கே வருது?” என்றார். பையன் ஊரிலிருந்து வருகிறான் என்றும், பேத்திக்குக் காதுகுத்து என்றும், மூன்று நாளாகப் பையன் வாய்க்கு ஒழுங்கான சாப்பாடு கிடைத்திராது என்று வீட்டில் இட்லி கட்டிக் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரிந்தால் நடப்பது குறையும் என்று ஜன்னலுக்குள் நீட்டினார். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் அதில் இருந்தன.

அந்த எண்கள் நம் எதிரே புத்தகத்தில் நம் கையெழுத்திலேயே இருந்தன.

நாம், “வண்டி இரண்டு மணி நேரம் லேட், ஐயா. நான்கரைக்கு வரும்” என்றோம்.

பொய்யன்று பாருங்கள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதந்தான். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லட்டும் என்று நினைத்தோம். போலீசார் சொல்லட்டும், அது அவர்கள் வேலை என்று நினைத்தோம். எண்ணைத் தவறாகக் கேட்டிருந்தால் என்ன செய்வது என்று நினைத்தோம். கண்ட்ரோலைக் கூப்பிட்டு ஒரு முறை சரிபார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஆறு மணிக்கு நம் பணி முடியும், அதுவரை காலத்தை ஓட்டினால் போதும் என்றும் நினைத்தோம். இந்தக் கடைசி எண்ணந்தான் மற்ற எல்லாவற்றிற்கும் தாய்.

பெரியவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி கழித்து எழுந்து வந்தார். “ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்களே தம்பி. காப்பி சாப்பிடுங்க. பையனுக்குக் கொண்டு வந்தது, அவனுக்கு மிச்சம் இருக்கும்” என்று பிளாஸ்கின் மூடியில் ஊற்றி ஜன்னல் வழியே நீட்டினார். வாங்கிக் குடித்தோம். சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருந்தது.

வண்டி வந்தது. பெரியவர் பெட்டியோரமாக நடந்து, ஒவ்வொரு ஜன்னலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் எதிரே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்தார். பெட்டி எண்ணைக் கேட்டுவிட்டு, “அந்த பாடியா? அதைப் பின்னாலேயே இறக்கிவிட்டார்களே, விசாரணையில் சொல்லவில்லையா?” என்று இந்தியில் உரக்கக் கேட்டார். பெரியவருக்கு இந்தி அவ்வளவாக வராது போலும். ‘பாடி’ என்ற சொல் மட்டும் புரிந்தது. மெதுவாகத் திரும்பி நம் ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது அவர் கூச்சலிடவில்லை. நம்மிடம் வரவும் இல்லை. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாம் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டுப் பின்வழியாக வெளியே போய் நின்றோம். ஒலிபெருக்கியில் தாமதத்தினால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று பதிவு செய்த குரல் மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை நாம் நம் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் இப்போதுதான் கேட்கிறார், மூன்றாம் வரிசையில்.

இனிப் புரியும் உங்களுக்கு, அன்று கட்டிலிலிருந்து ஏன் எழுந்து உட்கார்ந்தோம் என்று. அந்த மனிதருக்கு இருந்த வசதிகளைப் பாருங்கள். போகாமல் இருந்துவிடலாம், போலீசாரே தடுத்தார்கள், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போனாலும் செய்தியை வேறொருவர் வாயால் சொல்லவிட்டுப் பிறகு மேடையேறலாம். மேடையேறினாலும் சுற்றிவளைத்து, கிங்கின் பெருமையைப் பத்து நிமிடம் பேசிப் பிறகு மெல்லத் தொடலாம். வேட்பாளர் வேறு, கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவன் முகத்தை ஜனங்கள் மறப்பதில்லை என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை கதவும் திறந்திருக்க அவர் தாமே போய், தம் வாயாலேயே, எடுத்த எடுப்பிலேயே சொன்னார். சொல்லிவிட்டுப் பலகையை இறக்கிக்கொண்டு போய்விடவும் இல்லை. அவர்களோடு நின்றார். தம்மிடம் இருந்த ஒரே பண்டத்தை, தம் துக்கத்தை, எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெரியவர் நமக்குக் காப்பி கொடுத்தது போல.

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவை நாம் இப்போதும் சில இரவுகளில் கேட்பதுண்டு. சொற்களெல்லாம் இன்னமும் புரிவதில்லை. குரல் இரண்டு மூன்று இடங்களில் இழுக்கிறது, அடுத்த சொல்லைத் தேடுகிறது. அந்தத் தேடலைக் கேட்பதற்காகவே போடுகிறோம்.

மே மாதத் தொடக்கத்தில் இண்டியானா தேர்தலில் கென்னடி வென்றார். ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவிலும் வென்றார். வெற்றிக் கூட்டத்தில் பேசிவிட்டு விடுதியின் சமையற்கூடம் வழியாகப் போனபோது அவரையும் சுட்டுவிட்டார்கள். ஜூன் 6-ஆம் தேதி இறந்தார். கிங் இறந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. அவர் உடலை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். இது நம் தொழில் சம்பந்தமானது. சற்று விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

தூரம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நான்கு மணி நேரப் பயணம். ஜூன் 8-ஆம் தேதி பகல் ஒரு மணிக்குப் பிறகு புறப்பட்ட அந்த வண்டி போய்ச் சேர எட்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. காரணம் இன்ஜின் கோளாறன்று, சிக்னல் அன்று. இருப்புப்பாதையின் இருபுறமும் ஜனங்கள். வெள்ளையர், கறுப்பினத்தவர், சாரணர் உடையில் சிறுவர்கள், வீட்டு மாடிகளில் நின்றவர்கள், கைக்குழந்தையோடு கல் பரப்பின்மேல் நின்றவர்கள். கடைசிப் பெட்டியில் சவப்பெட்டி இருந்தது. தரையில் வைத்தால் வெளியில் நிற்பவர்க்குத் தெரியாது என்று அதை நாற்காலிகளின்மேல் உயர்த்தி ஜன்னல் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியில் சென்ற ஒரு புகைப்படக்காரர் எடுத்த வண்ணப் படங்களை நம் பெண் காட்டினாள். இவ்வளவு மெதுவாக ஓடிய வண்டிக்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் ரயில்வே கண்ணுக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போதே வயிறு கலங்குகிறது; ஜனங்கள் பக்கத்துப் பாதையில் நிற்கிறார்கள். நாம் பயந்தபடியே நடந்திருக்கிறது. எலிசபெத் என்ற ஊரில் எதிர்த்திசையில் வந்த வேறொரு வண்டியில் அடிபட்டு இருவர் மாண்டனர். துக்கம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் வீட்டிற்கு யார் போய்ச் சொன்னார்களோ?

நம் பெண்ணுக்குப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள், மனப்பாடம் போதவில்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த நிறுத்தங்களும் பேச்சைச் சேர்ந்தவை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெரியவரின் பெயரை நாம் அன்று கேட்கவில்லை. பிறகு அந்த ஊருக்கு இரண்டு முறை போய் விசாரித்தோம். குடும்பம் வேறெங்கோ மாறிவிட்டது என்றார்கள். வடக்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் காலனிக்குக் காலனி மாறிக்கொண்டே இருப்பவை. ஒருவருக்கொருவர் எங்கேனும் உறவாகவோ அண்டை வீடாகவோ இருப்பவை. இந்த மலர் இன்னும் பல ஊர்ச் சங்கங்களுக்கும் போகும். காதுகுத்து நின்றுபோன அந்தப் பேத்திக்கு இப்போது பதினாறு, பதினேழு வயது இருக்கும். அவர்களை அறிந்தவர்கள் இங்கே இருந்தாலும், இதைப் படித்தாலும், அவர்களிடம் சொல்லுங்கள்: அன்று செய்தி நம்மிடம் ஒன்றரை மணிக்கே வந்துவிட்டது. பெரியவர் சீட்டை நீட்டியபோது நமக்குத் தெரியும். காப்பியைக் குடித்தபோதும் தெரியும்.

நம் முகவரி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.